குங்குமப்பூவை ரசிப்பது எப்படி?

மலேசியாவின் பண்டார் பாரு பக்கத்துத் தமிழ் வீடுகளில் குங்குமப்பூ பெரும்பாலும் மகளோ மருமகளோ முழுகாமல் இருக்கும்போதுதான் வாசற்படி ஏறும். பாலில் நாலு இழை போட்டுக் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பார்கள். பிள்ளையின் நிறத்தை முடிவு செய்வது மரபணு. குங்குமப்பூவுக்கு அதில் வேலையே இல்லை. பேறுகாலம் முடிந்ததும் மிச்சம் மருந்து டப்பாக்களோடு ஒதுங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய பொருளை ருசிக்காமலே விட்டுவிடுகிறோம்.

விலையில் அடங்கிய வேலை

ஊதாப் பூ ஒன்றுக்கு மூன்றே சிவப்புச் சூல்முடிகள். உலர்ந்த ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூக்கள்; ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம். காஷ்மீரின் பாம்பூர் மேட்டு நிலங்களில் அக்டோபர் கடைசியில் தொடங்கிச் சில வாரங்களே பூக்கும். வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தலைமுறைக்கு அந்த அவசரத்தை விளக்க வேண்டியதில்லை. பறித்த கையோடு இழைகளைப் பிரித்து உலர்த்துவார்கள். அந்த உலர்த்தலில்தான் மணமே பிறக்கிறது. செடிக்கு விதை கிடையாது, கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும். வறண்ட கோடையும் குளிரும் கேட்கும் பயிர் என்பதால், ஆண்டு முழுக்க ஈரமான பண்டார் பாருவின் கிரியான் ஆற்றங்கரைக்கு அது ஒத்துவராது.

உலக விளைச்சலில் பெரும்பங்கு ஈரானுடையது. காஷ்மீர்ச் சரக்கு 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் முழுச் சிவப்பு இழை ‘மோங்ரா’. மஞ்சள் அடியோடு இருப்பது ‘லச்சா’. ஈரான் பெட்டியில் ‘நெகின்’, ‘சர்கோல்’ என்றிருந்தால் சிவப்பு நுனி மட்டும். மஞ்சள் அடியில் நிறமும் மணமும் குறைவு, எடை மட்டும் கூடும்.

கண்ணும் மூக்கும் நாக்கும்

தூளாக வாங்காதீர்கள், எதைக் கலந்தாலும் தெரியாது. இழையின் ஒரு முனை எக்காளம்போல் விரிந்திருக்க வேண்டும். ஆரஞ்சும் மஞ்சளுமாக, விரிந்த முனையே இல்லாமல் மலிவாகக் குவித்து விற்பது பெரும்பாலும் செந்துருக்கப் பூ. இழை எண்ணெய்போல் மினுமினுத்தால் எடை கூட்ட எதையோ தடவியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூன்று இழை போடுங்கள். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு இழையிலிருந்து மஞ்சள் கோடு ஒன்று மெல்ல இறங்கும். கால் மணி நேரத்தில் கிண்ணம் பொன்னிறமாகும். இழை சிவப்பாகவே கிடக்கும். போட்டவுடன் தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம். நல்ல பூ அவசரப்படாது.

கிண்ணத்தை முகர்ந்து பாருங்கள்: தேனும் காய்ந்த புல்லும் கலந்த வாசம். ஓர் இழையை நாக்கில் வையுங்கள்: கசக்கும். மணம் இனிப்பு, ருசி கசப்பு. இந்த முரண்தான் குங்குமப்பூ. நாக்கிலும் இனித்தால் சர்க்கரைப் பாகு தடவிய சரக்கு.

அடுப்படியில்

நிறம் தரும் குரோசின் நீரில் கரையும், நெய்யில் கரையாது. அதனால் நெய்யில் தாளித்தால் பூ வீண். நாலு பேருக்கான பாயாசத்துக்குப் பத்துப் பதினைந்து இழை போதும். ஒரு சிட்டிகை சீனியோடு நுணுக்கி, இரண்டு கரண்டி வெதுவெதுப்பான பாலில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். கூடவே கொதிக்கவிட்டால் நிறம் நிற்கும், மணம் ஆவியோடு போய்விடும். பச்சைக் கற்பூரம், பண்டான் இலை, தாராளமான ஏலக்காய் மூன்றும் அதை அமுக்கிவிடும். அன்றைக்கு மட்டும் அவற்றை ஒதுக்கிவையுங்கள். முதல்முறை ருசிப்பவர்கள் வெறும் பாலில் தொடங்குவது நல்லது. அதிகம் போட்டால் மருந்துக் கசப்பு வரும்; கிராம் கணக்கில் சாப்பிட்டால் உடம்புக்கே கெடுதல். கர்ப்பிணிகள் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளட்டும்.

எப்போது வாங்குவது

தீபாவளிச் சந்தையில் கிடைப்பது அநேகமாகப் போன ஆண்டு அறுவடை. புதுப் பூ அப்போதுதான் பறிபடத் தொடங்கியிருக்கும். பொங்கல், தைப்பூசம் நெருங்கும்போது கேட்டால் புதுச் சரக்குக்கு வாய்ப்பு அதிகம். பெட்டியில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். ஒரு கிராமுக்கு மேல் வேண்டாம். வெளிச்சமும் ஈரமும்தான் அதற்கு எதிரி. இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில், இருட்டான அலமாரியில், ஈரக் கரண்டி படாமல் வையுங்கள். அடுத்த வளைகாப்புக்கென்று பத்திரப்படுத்தாமல், அந்த ஆண்டுக்குள்ளேயே தீர்த்துவிடுங்கள்.