ஏக்கம் எதன்மேல்? ஈழத்து வானொலிக் கலை ஒரு பார்வை

அறுபது வயதைத் தாண்டிய இலங்கைத் தமிழர் நாலு பேர் கூடினால் வானொலிப் பேச்சு வராமல் போகாது. எஸ். பி. மயில்வாகனனின் குரல், கே. எஸ். ராஜாவின் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் உச்சரிப்பு, காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ என்று தொடங்கி, “இப்ப எங்கட ஆக்களிட்ட என்ன கிடக்கு?” என்பதில் போய் நிற்கும். பேச்சின் முற்பாதி எனக்கும் இனிக்கிறது. பிற்பாதிதான் இடிக்கிறது.

இலங்கை வானொலியின் பொற்காலம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு திரைப்பாட்டு. 1952 இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமல் செய்தார். கொழும்பின் வர்த்தக சேவை அந்த வெற்றிடத்துக்குள் சிற்றலையில் நுழைந்தது. 1957 இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் தமிழகத்து நேயர்கள் கொழும்பை விடவில்லை. பெருமைதான். ஆனால் பாட்டு கோடம்பாக்கத்தில் பிறந்தது. அறிவிப்பாளரின் நாவும் நிகழ்ச்சியை அமைத்த கெட்டித்தனமும் மட்டுமே நம்முடையவை. பி. எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னாளில் சென்னைத் தொலைக்காட்சிக்கே போனது அந்தக் கெட்டித்தனத்துக்குச் சான்று.

முழுக்க இங்கேயே விளைந்தது நாடகம். இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே ஒலிவாங்கி முன் கொண்டுவந்தது. நாடகப் பகுதியை நடத்திய ‘சானா’ சண்முகநாதன் ஒரு தலைமுறை நடிகர்களைப் பழக்கினார். சில்லையூர் செல்வராசன் திரைப்படச் சுவடியாக எழுதிய ‘தணியாத தாகம்’ படமாகாமல் வானொலித் தொடராகி வீடுகளைக் கட்டிப்போட்டது. அதற்குப் பணம் தந்தது மக்கள் வங்கி.

இவற்றுள் ‘கோமாளிகளின் கும்மாள’த்தை நான் ஒருபடி மேலே வைப்பேன். மரிக்கார் முஸ்லிம்களின் தமிழ் பேசுவார், அப்புக்குட்டி யாழ்ப்பாணம், உபாலி சிங்களவர் பேசும் தமிழ், கூடவே ஓர் ஐயர். ராம்தாஸ், ராஜகோபால், செல்வசேகரன், அப்துல் ஹமீது என்ற நால்வர் நாலு நாக்குகளோடு மோதிக்கொண்டதில் சிரிப்பு வந்தது. ஒரு சமூகம் இன்னொன்றின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் ஒழிய இந்தப் பகிடி எழுத வராது. 1976 இல் அது ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்தது.

இதெல்லாம் திறமையால் மட்டும் நடந்துவிடவில்லை. மாதச் சம்பளத்தில் ஒரு தயாரிப்பாளர் இருந்தார். குரல் தேர்வு இருந்தது, சிறிதானாலும் சன்மானம் இருந்தது. பிரதியைத் திருப்பிக் கொடுத்து “திருத்திக்கொண்டு வாரும்” என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் இந்திய வணிக இதழ்கள் வருவது குறைந்தபோது உள்ளூர் எழுத்துக்கும் மெல்லிசைக்கும் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. பிறகு 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. அதோடு தமிழ்ப் படச் சுருள்களும் போயின. கலைஞர்களில் பலர் புலம்பெயர்ந்தார்கள். 1989 இல் கே. எஸ். ராஜா கொல்லப்பட்டார்.

தொண்ணூறுகளில் தனியார் தமிழ்ப் பண்பலைகள் வந்தபோது அந்த நாடகப் பகுதியைப் போல ஒன்றை யாரும் கட்டவில்லை. ஒரு தொடரைத் தயாரிப்பதைவிடச் சென்னையில் தயாரான தொடரை வாங்குவது மலிவு. தொலைக்காட்சியின் மாலை நேரம் அப்படியே கைமாறியது. பண்பலை அறிவிப்பாளர்களில் பலர் சென்னைத் தமிழைப் பாதி கடன் வாங்கிப் பேசுகிறார்கள். மட்டக்களப்புப் பேச்சையோ மலையகப் பேச்சையோ கேட்க நகைச்சுவைத் துணுக்குக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

இன்றைய யூடியூப் குறும்படங்கள் மீதான எரிச்சலில் நியாயம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் கோடம்பாக்கத்து நாயகன் நடையும் பஞ்ச் வசனமும் சகிக்கவில்லை. ஆனால் எழுதுவதும் எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் அதே பிள்ளைகள்தான், அதுவும் கைக்காசில். மதிசுதா தன் ‘வெந்து தணிந்தது காடு’ படத்துக்குப் பலரிடம் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் பிரதியைக் கிழித்துப் போடச் சொல்லும் சானா ஒருவர் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

குறைசொல்லும் தலைமுறையின் கணக்கும் அவ்வளவு சுத்தமில்லை. 1977 இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் வைத்து ‘பொன்மணி’ எடுத்தார். இன்று ஈழத்துச் சினிமா பற்றி யார் எழுதினாலும் அந்தப் படத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. வெளிவந்தபோது அது ஓடவில்லை.