யார் காசு, யார் கேள்வி? மன்னார் வளைகுடாவும் மாணவர் ஆய்வும்

மாணவர் ஆய்வுக்குப் பணம் தருவது பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுகள்தாம் உண்டு. ‘நிதி போதவில்லை, கூட்டிக்கொடு’ என்பது ஒன்று. ‘காசு வாங்கினால் ஆய்வு கெட்டுப்போகும்’ என்பது மற்றொன்று. முதலாவது சங்கப் பேச்சு, இரண்டாவது ஒழுக்கப் பேச்சு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஆய்வுக் கேள்வி எங்கே உற்பத்தியாகிறது என்பதை இரண்டுமே தொடுவதில்லை. துறைமுகம், கால்வாய், சாலை என்று ஒருபக்கம் ‘உள்கட்டமைப்பு வளர்ச்சி’. தேசியப் பூங்கா, உயிர்க்கோளக் காப்பகம் என்று மறுபக்கம் ‘இயற்கைப் பாதுகாப்பு’. இவை எதிரெதிர் முகாம்கள் என்றே நம்பிவருகிறோம். இரு தரப்பின் பணத்தில் பிறக்கும் பிரதிகளை அடுத்தடுத்து வைத்து வாசித்தால் இந்த நம்பிக்கை நிலைக்காது. மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்வோம்.

இங்கே 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியே உலகச் சுற்றுச்சூழல் நிதி வந்தது. அதே கடலை ஒட்டித்தான் 167 கிலோமீட்டர் நீளத்துக்குச் சேதுக் கால்வாய் தோண்டும் திட்டமும் வந்தது. ஒரே கடலுக்கு இரண்டு கணக்குப் புத்தகங்கள்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994 அறிவிக்கையால் கட்டாயமாயிற்று; 2006இல் அது திருத்தி எழுதப்பட்டது. இரண்டிலும் மாறாத ஒன்று உண்டு. திட்டத்தைக் கொண்டுவருபவரே மதிப்பீட்டுக்கும் பணம் கொடுக்கிறார். சேதுத் திட்டத்தில் தூத்துக்குடித் துறைமுகப் பொறுப்புக் கழகம் நாகபுரியிலுள்ள ‘நீரி’ நிறுவனத்திடம் அந்த வேலையைக் கொடுத்தது. நீரி அரசு நிறுவனம். ஆகவே ‘அரசுக் காசு நல்லது, கம்பெனிக் காசு கெட்டது’ என்ற எளிய பிரிவினை இங்கே உதவாது. அறிக்கை வந்தது 2004இல். அந்த ஆண்டு டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. கடலே தன் கணக்கைத் திருத்தி எழுதிய பிறகும், 2005 ஜூலை 2இல் மதுரையில் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். பிறகு பச்சௌரி குழு, மாற்றுப் பாதையும் சூழலுக்கும் பொருளாதாரத்துக்கும் ஒத்துவராது என்றது. மத்திய அரசு 2013இல் அந்த முடிவை ஏற்க மறுத்தது. பிடித்த பதில் வந்தால் அது விஞ்ஞானம், பிடிக்காத பதில் வந்தால் வெறும் கருத்து. அவ்வளவுதான்.

இனி மொழிக்கு வருவோம். பொது விசாரணைக்கு முன்பு அறிக்கையின் சுருக்கத்தை மாநில மொழியிலும் தர வேண்டும் என்கிறது 2006 அறிவிக்கை. அதனால் தமிழில் இப்படியோர் எழுத்துவகையே உருவாகிவிட்டது. இலக்கணம் படித்தவன் இந்தச் சுருக்கங்களை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது செயப்பாட்டு வினை. தோண்டப்படும், அகற்றப்படும், ஈடுசெய்யப்படும், கண்காணிக்கப்படும். யார் தோண்டுகிறார், யார் அகற்றுகிறார்? எழுவாய் இல்லை. எழுவாய் இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை. இந்த வாக்கியத்தில் மீனவர் ‘பாதிப்புக்கு உள்ளாவோர்’, அதாவது செயப்படுபொருள்.

பாதுகாப்புத் தரப்பின் பிரதியில் அவருக்கு எழுவாய்ப் பதவி கிடைக்கிறது. ஆனால் எந்த வினைக்கு? அழிக்கிறார், மிதிக்கிறார், அத்துமீறுகிறார். தீவுகளைச் சுற்றி முழுகிக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்தும் பறிக்கும் பெண்கள் அதில் ‘மானுட அழுத்தம்’ ஆகிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது என்று அந்தப் பெண்களே தமக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டது அழுத்தத்தை அளக்கும் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் ஏறும்? கால்வாய்க்காரனுக்கு இவர்கள் நஷ்டஈடு, காப்பகக்காரனுக்கு இவர்கள் குற்றம். கடலை அறிந்தவர்கள் என்ற இடம் இரண்டு சொல்லாடலிலும் இல்லை. இரண்டு முகாமும் சந்தித்துக்கொள்ளும் புள்ளி இதுவே.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர் ஆய்வு மாணவர். படகில் போகிறவர், சதுரம் போட்டுப் பவளத்தை எண்ணுகிறவர், வீடு வீடாகப் படிவம் நிரப்புகிறவர் அவர்தான். அறிக்கையில் அவர் பெயர் நன்றியுரையோடு நின்றுவிடும். தரவு நிதி கொடுத்தவருக்குச் சொந்தம். நெட் தேறி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுகிறவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அது கிடைக்காத முனைவர் பட்ட மாணவருக்கு இருந்தது 8,000 ரூபாய். அதையும் நிறுத்துவதென்று யுஜிசி 2015 அக்டோபரில் முடிவெடுத்தபோதுதான் மாணவர்கள் தில்லியில் அதன் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு அந்த 8,000கூடக் கிடையாது. பொது உதவித்தொகை சுருங்கச் சுருங்க, திட்டப் பணம்தான் ஒரே வாசல். அந்த வாசலில் கேள்வி ஏற்கெனவே எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. ‘சேதத்தை எப்படிக் குறைக்கலாம்’ என்று கேட்கலாம். ‘இது வேண்டுமா, யார் முடிவு செய்வது’ என்று கேட்க நிதித் தலைப்பு இல்லை. இங்கே யாரும் பொய் எழுதச் சொல்வதில்லை. பொய் தேவைப்படாதபடி கேள்வியையே வெட்டிவிடுகிறார்கள்.

ஆனாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. கப்பாஃபைகஸ் என்ற அந்நியப் பாசியை மண்டபத்தில் அரசு ஆய்வகம் வளர்த்துக் காட்டியது. பெப்சி நிறுவனம் அதைக் கரையோரத்தில் ஒப்பந்தச் சாகுபடியாக்கியது. வாழ்வாதாரம், வளர்ச்சி என்று எல்லாருக்கும் பிடித்த திட்டம். அந்தப் பாசி குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின்மேல் ஏறிப் படர்ந்திருப்பதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். வளர்த்தவர்கள் கேட்காத கேள்வியை வேறு யாரோ நீருக்குள் போய்ப் பார்த்துக் கேட்டதால்தான் அது தெரிந்தது. ஆய்வுச் சுதந்திரம் என்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, இதுதான்.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. 1967இல் அண்ணா ஆட்சியின்போது ‘எழுச்சி நாள்’ நடத்திக் கேட்ட திட்டம் சேது. 2007இல் வழக்கு ராமர் பாலத்தைச் சுற்றியதும் விவாதம் பக்தியா பகுத்தறிவா என்று சுருங்கிப்போயிற்று. பாலத்தை மறுப்பதும் கால்வாயை ஆதரிப்பதும் ஒன்றே என்று முற்போக்கு முகாம் எடுத்துக்கொண்டது. கடலின் மண்படிவு, புயல், மீன்பாடு பற்றிக் கேட்டவர்களெல்லாம் மதவாதிகளின் ஆள் என்று சந்தேகிக்கப்பட்டார்கள். 2023 ஜனவரியில் சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்றக் கோரி மீண்டும் தீர்மானம் போட்டபோதும் கேள்வி அந்தச் சட்டகத்துக்குள்ளேயே கிடந்தது. பகுத்தறிவு என்பது ராமனை மறுப்பதோடு நின்றுவிடுமா? தூர்வாரியை நம்பச் சொல்வதும் ஒரு நம்பிக்கைதானே?

எனவே கோரிக்கை ‘நிதியைக் கூட்டு’ என்பதோடு முடியக்கூடாது. திட்டக்காரரின் பணம் பொது நிதியத்துக்குப் போய், அங்கிருந்து ஆய்வுக்கு வர வேண்டும். யார் காசு என்பது ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளியிடும் உரிமை மாணவருடையதாக வேண்டும். படிவம் நிரப்பிய குப்பத்துக்கு ஆய்வேடு தமிழில் திரும்பி வர வேண்டும், எழுவாயோடு. கடைசியாக ஒன்று. கேள்வியைத் தீர்மானிக்கும் மேசையில் பாசி பறிக்கும் பெண்ணுக்கும் ஒரு நாற்காலி வேண்டும், தகவல் தருபவராக அல்ல, கேட்பவராக. அந்த நாற்காலி இல்லாதவரை, வளர்ச்சி நிதி என்றாலும் பாதுகாப்பு நிதி என்றாலும் காசும் அவர்களுடையது, கேள்வியும் அவர்களுடையது.