நூற்றலா, நெய்தலா? ‘நூல்’ என்னும் உருவகம் குறித்து ஒரு மறுபார்வை

முன்னுரை

ஆங்கிலத்தின் ‘டெக்ஸ்ட்’ என்னும் சொல், நெய்தலைக் குறிக்கும் ‘டெக்ஸெரெ’ என்னும் இலத்தீன் வினையினின்று வந்தது. தமிழில் ‘நூல்’ இழையையும் ஆசிரியர் இயற்றும் படைப்பையும் ஒருங்கே சுட்டுவதால், இரண்டும் ஒரே உருவகம் என்று கொள்வது எளிது. அக்கருத்து மறுக்கத்தக்கது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நூற்பவர்

நூற்றலின் விளைவு நூல். நெய்தலின் விளைவு ஆடை. பவணந்தியாரின் நன்னூற் பாயிரம் இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. அங்குச் சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். தறிக்கு அவ்வுவமையில் இடமில்லை. அதனையடுத்து வரும் உவமையும் மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனின் நூலையே பேசுகிறது. புறநானூற்றின் 125ஆம் பாடலில் ‘பனுவல்’ என்பது பருத்தி நூற்கும் பெண்ணின் பஞ்சைக் குறிப்பதும் ஈண்டு நினையத்தக்கது.

இது சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. ரோலான் பார்த் 1973இல் வெளியிட்ட நூலில், பிரதியை இடையறாது நெய்யப்படும் துணியாகவும், எழுதுபவரைத் தன் வலையிலேயே கரையும் சிலந்தியாகவும் காண்கிறார். நன்னூலிலோ கதிரை இயக்குபவர் மறைவதில்லை. இரண்டையும் சமன்படுத்தினால், தமிழ்க் கவிதையியல் ஆசிரியனுக்கு அளித்த இடம் நம் பார்வையினின்று நழுவிவிடும்.

பாவும் ஊடையும்

‘பா’ என்னும் சொல் செய்யுளையும் தறியின் நெடுக்கிழைகளையும் குறிப்பதை இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டலாம். ஆயின், பேராசிரியர் தம் செய்யுளியல் உரையில் பாவைப் பரந்து செல்லும் ஓசையாகவே விளக்குகிறார், தறியை நாடவில்லை.

நெசவுச் சொற்கள் தமிழில் உருவகமாகவே வழங்கவில்லை என்பது இதன் பொருளன்று. பேச்சில் சோகம் ‘இழையோடுகிறது’; திறனாய்வில் ‘ஊடுபாவு’ கலப்பைக் குறிக்கிறது. எனினும், திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிப் பட்டுத் தறியில் பாவு முதலில் இழுத்துக் கட்டப்படும்; பின்னரே நாடா ஊடையைக் குறுக்கே கொண்டுசெல்லும். ஒன்று தாங்கி நிற்பது; மற்றொன்று இயங்குவது. இவ்வரிசையைக் கைவிட்டு வெறுங்கலப்பு என்னும் பொருளில் ஆளும்போது அவ்வுருவகம் கூர்மை இழக்கிறது.

முடிவுரை

ஓர் உருவகம் எத்தொழிலினின்று வந்தது என்பதோடு, அத்தொழிலின் எச்செயலினின்று வந்தது என்பதும் வினவப்பட வேண்டும். ‘நூல்’ நெய்து முடித்த துணியன்று; நெய்வதற்குரிய இழை. அதனை நெய்பவர் உரையாசிரியரா, வாசகரா என்பது மேலும் ஆராய்தற்குரியது.