தங்கத் தாத்தாவின் வெருளி

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வீட்டில் அப்பப்பா ஒருவர், அம்மப்பா ஒருவர். இவர்களுக்கும் மேலே, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக, நவாலியில் ஒரு தங்கத் தாத்தா இருந்தார். மானிப்பாய்க்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரில் 1878இல் பிறந்த க. சோமசுந்தரப் புலவர், வட்டுக்கோட்டை இந்து ஆங்கிலப் பாடசாலையில் ஏறக்குறைய 40 வருடம் படிப்பித்தவர். பாடிய பாட்டு பதினையாயிரம் வரும் என்பார்கள். அதில் பெரும்பங்கு கோயில்களுக்குப் போனது. சொந்த ஊர் அட்டகிரி முருகனுக்கே ஒரு கலம்பகம் இருக்கிறது. ஆனால் ஊர் அவரை நினைத்துக்கொள்வது ஒரு பானை கூழுக்காகவும் கத்தரித் தோட்டத்து வெருளி ஒன்றுக்காகவும்.

பண்டிதர்களுக்கு இது குறையாகப் படலாம். எனக்குப் படவில்லை. கலம்பகம் பாடிய கையைக் கழுவிவிட்டு அவர் குழந்தைப் பாட்டுக்கு வந்தவரல்லர். அதே கையோடு வந்தவர். அவருடைய பகிடியின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

வெருளிக்கு என்ன வேண்டும்? குறுக்கே கட்டிய இரண்டு தடி, கொஞ்சம் வைக்கோல், வீட்டுக் கிழவர் கழித்துப்போட்ட சட்டை, கரியும் சுண்ணாம்பும் பூசிய ஓட்டைப் பானை. தோட்டத்தில் அதைவிட மலிவான சாமான் கிடையாது. பாட்டில் புலவர் அதன் முன்னால் போய், குறுநில மன்னன் சபையில் நிற்கிற பவ்வியத்தோடு நின்று புகழத் தொடங்குகிறார். இமை கொட்டாமல் காக்கிறாயே, நித்திரை என்பதே இல்லையே, சம்பளம் என்று வாய் திறக்கிறாயில்லையே, உன்னைப்போல ஒரு சேவகனை நான் வேறெங்கே காண்பேன் என்று உருகுகிறார். அடுத்து கோலத்தை வர்ணிக்கிறார். தலையில் பூசினிக்காய்ப் பருமனில் மஞ்சள் உறுமால், வாயில் சோகி சோகியாகப் பல், இடுப்புக் கச்சையில் உடைவாள், கையில் நாணேற்றிய வில். பயிர் மேய வந்த பசு இதைக் கண்டதும் வாலைத் தூக்கியபடி ஓட்டம் பிடிக்கிறது.

இந்தப் புகழ்ச்சியில் பொய் எது என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. வெருளி இமைப்பதில்லை, தூங்குவதில்லை, கூலி கேட்பதில்லை. அரசனைப் பாடுகிற புலவனுக்கு மிகை இல்லாமல் ஒரு அடி நகராது. இவர் மிகையை உருவி எறிந்துவிட்டு, உள்ளதை உள்ளபடி, அதே உயர்ந்த குரலில் சொல்கிறார். சிரிப்பு தானாக வருகிறது. பாடுகிறவர் முகத்தில் மட்டும் அது வருவதேயில்லை. மீசையைச் சொல்லும் இடம் இன்னும் அருமை. வீரனுக்கு மீசை உண்டு; அதை அவன் ஒருநாளும் தொட்டு முறுக்கியதில்லை என்கிறார். எப்படி முறுக்குவான்? கை தடி, மீசை கரிக்கோடு. அந்த விளக்கத்தைப் புலவர் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடித்துக் கெக்கட்டம் விடுகிற வேலையைப் பிள்ளைக்கு விட்டுவிட்டார்.

ஓசையும் வகுப்பறையில் பிறந்த ஓசை. அடியின் பின்பாதி திரும்ப ஒருமுறை வரும். வாத்தியார் சொல்ல, பின்வாங்குகள் சேர்ந்து முழங்குவதற்கென்றே வைத்த இடம் அது. தனியாக மனத்துக்குள் வாசித்தால் பாட்டில் பாதிதான் கிடைக்கும்.

ஆடிப்பிறப்புப் பாட்டு வேறு மாதிரி. தமிழ்நாட்டு வாசகருக்கு ஆடிக்கூழ் என்றதும் மாரியம்மன் கோயில் கேழ்வரகுக் கூழும் மோரும் சின்ன வெங்காயமும் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்து ஆடிக்கூழ் இனிப்புக் கூழ்: அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி. ஆடி முதல் நாள் படைத்துவிட்டுக் குடிப்பது. பாட்டு நாளைக்கு லீவு என்ற துள்ளலில் தொடங்கி, நேரே குசினிக்குள் நுழைந்துவிடுகிறது. பயறு வறுபடுகிறது, பச்சையரிசி இடிபடுகிறது, மா பதமாக வறுபடுகிறது, தேங்காய் துருவிச் சர்க்கரை கலக்கிறார்கள், கொழுக்கட்டை அவிகிறது, பிறகு கூழ். ஒரு படியும் தவறவில்லை. பாட்டைக் கேட்டே ஒருவர் சமைத்துவிடலாம். தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் மாவுண்டையும் சேருகிற இடத்தில் அளவை மட்டும் வீட்டுக் கிழவியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு விவரமும் ஏன்? பசியோடு அடுப்படியில் குந்தியிருக்கிற பிள்ளையின் கண் அது. அந்தக் கண் ஒன்றையும் தவறவிடாது, ஏனென்றால் ஒவ்வொரு படியும் கூழுக்கு முன்னால் நிற்கிற தடை. பெரியவர்களின் வேலையெல்லாம் நடக்க, பிள்ளைக்கென்று ஒரே ஒரு வேலைதான்: ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி, மடித்துக் கோலிக்கொண்டு வந்து நிற்பது. சூடான கூழ் பட்டதும் பலாவிலையிலிருந்து எழும்புகிற வாசம் பாட்டில் வெளிப்படையாக இல்லை. பாடி முடிக்கும்போது மூக்குக்கு வந்துவிடுகிறது. கிண்ணத்தில் குடிப்பவர்களுக்கு இந்த இடம் பிடிபடாது.

பவளக்கொடி பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாற்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, விற்றுவரும் பணத்தில் கோட்டை கட்டிய பெண் உலகம் முழுவதும் கேட்ட கதைக்காரி. புலவர் கையில் அவள் நம்முடைய சந்தைக்குப் போகிறவளாகிவிட்டாள். அவள் கனவில் கட்டிய புதுச்சேலையைப் பார்த்து வயிறெரிய, பெயர் பெயராகப் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்காகத் தலையை ஒரு வெட்டு வெட்டுகிறாள், குடம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வருகிற புத்திமதி எனக்கு அவ்வளவு ருசிப்பதில்லை. வாத்தியார் அந்த இடத்தில் தாத்தாவை முந்திவிட்டார்.

வீட்டிலும் தமிழ் தங்கியது. ஒரு மகன் பண்டிதர் இளமுருகனார் ஈழத்துச் சிதம்பர புராணம் பாடினார். இன்னொரு மகன் சோ. நடராசன் காளிதாசனின் மேகதூதத்தைத் தமிழாக்கினார். தாத்தா 1953 ஜூலை 10ஆம் திகதி காலமானார், அந்த வருட ஆடிப்பிறப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது. பிள்ளைகளுக்கான பாட்டுகள் ‘சிறுவர் செந்தமிழ்’ என்று தொகுப்பாக வந்தது அதற்குப் பிறகுதான். இப்போது டொரன்டோவிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைகள், பனங்கட்டியைக் கடையில் பொட்டலமாகப் பார்த்த பிள்ளைகள், அவற்றைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மேடைகளில் பாடுகிறார்கள்.

அந்த மேடைகளில் ஒரு சங்கடம் இருக்கிறது. வெருளிப் பாட்டுக்குப் பிள்ளையை அபிநயம் பழக்குகிற ஆசிரியர்கள் உறுமாலுக்குத் தலையைத் தொடச் சொல்கிறார்கள், வில்லுக்குக் கையை நீட்டச் சொல்கிறார்கள், எல்லாம் சரி. மீசை வந்ததும் பிள்ளை இரண்டு கையாலும் அதை நன்றாக முறுக்கிக் காட்டுகிறது. சபை கைதட்டுகிறது. முன்வரிசையில் பாட்டைப் பாடமாக்கிய கிழவர்கள் யாராவது இருந்தால் அவர்கள்தான் சத்தமாகச் சிரிக்கிறவர்கள். பிள்ளை அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறுக்கு முறுக்குகிறது.