வெயிலில் ஓர் இலைச் சாப்பாடு

நாயுடுபுரத்துச் சாப்பாட்டுக் கடையில் உள்ளே இடம் இருந்தாலும் நான் வாசலில்தான் உட்காருவேன். கொடைக்கானலின் மதிய வெயில் உறைக்காது, முதுகை மட்டும் இதமாகத் தடவிக்கொடுக்கும். தரை சரிவு, ஆடும் நாற்காலிக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். காற்றில் இலை எழும்பாமல் ஓரத்தில் தண்ணீர் டம்ளர். சோறு விழுந்ததும் ஆவி முகத்தில் அடிக்கிறது. 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் அரிசி சாவகாசமாகத்தான் வேகும். அடுப்படி அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஒரு பருக்கையை விரலிடுக்கில் நசுக்கிப் பார்க்கிறார், மூடுகிறார், இன்னும் கொஞ்சம் பொறுக்கிறார்.

ரசத்தில் மலைப்பூண்டு, தோலோடு நசுக்கிப் போட்டது. ஒரு வாய் உறிஞ்சினால் மூக்கடைப்பு விடும். (ரசத்தைச் சாம்பாருக்குப் பிறகு சாப்பிடுவது சமவெளிப் பழக்கம், இங்கே எனக்கு முதலிலேயே வேண்டும்.) பீன்ஸ் பொரியல் குழையாமல், பல்லில் நறுக்கென்று கேட்கிறது. குளிருக்கு எல்லாம் சீக்கிரம் ஆறிவிடும். அதனால் அக்கா ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. கரண்டி கரண்டியாக, சுடச்சுட. “இன்னும் கொஞ்சம் வைக்கவா தம்பி?” தலையாட்டுவதற்குள் வைத்துவிட்டார். மேலே மரங்களுக்கிடையில் மேகம் இறங்குகிறது. மோருக்குச் சோற்றில் குழி பறிக்கிறேன்.