வில்லாளிக்கு ஒரு வீடு

வாளும் மந்திரமும் நிறைந்த சித்திரக்கதை ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது வீட்டைத்தான். கூரை எதனால் வேய்ந்தது, அடுப்பு எந்த மூலையில், மாரி மழைக்கு வெள்ளம் எந்தப் பக்கம் வடியும் என்பதெல்லாம் வரைந்தவருக்குத் தெரிந்திருந்தால் அவர் வரைகிற பூதத்தையும் நம்பலாம். அது தெரியாதவர் எத்தனை தலை நாகத்தை வரைந்தாலும் நாகம் தாளை விட்டு எழும்பாது. இந்தக் கணக்கில் பார்த்தால் இந்த வகைக் கதைகளில் 'தோர்கல்' தனித்து நிற்கிறது. மட்டக்களப்புக் கரையோரத்தில், எங்கள் மாங்கேணியில் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து, படித்த கையோடு சண்டையும் பிடிக்கிற ஒரு சின்னக் கூட்டம் உண்டு. தமிழில் கிடைத்தால் லயன்-முத்து பதிப்பு, இல்லாவிட்டால் சினிபுக்கின் ஆங்கிலப் பதிப்பு. அந்தச் சண்டைகளில் கேட்டதும் நான் சொன்னதும் கலந்ததுதான் இது.

கதையின் முதல் காட்சியைப் பாருங்கள். கடலுக்குள் ஒரு பாறை, பாறையில் ஓர் இரும்பு வளையம். அதில் தோர்கலைக் கட்டிவிட்டு, கடல் ஏறி ஆளை விழுங்கட்டும் என்று வடபுலத்து அரசன் கண்டால்ப் திரும்பிப் போகிறான். அரசனின் மகள் ஆரிசியாவை விரும்பியதுதான் குற்றம். எங்கள் கடலில் இந்தத் தண்டனை நடக்காது. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் இரண்டு மூன்று அடி கூட வராது. கட்டிப்போட்டால் இடுப்பளவு நனைந்து, காய்ச்சலோடு வீடு வந்து சேரலாம். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பார்க்கையில் தொண்டை இறுகுகிறது. தண்ணீர் ஏறுவதை ஓவியர் அலையால் காட்டவில்லை, பாறையின் நிறத்தால் காட்டுகிறார். நனைந்த கல்லின் கோடு ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் மேலே போகிறது. கடலோரத்தில் வளர்ந்தவன் கண் அலைக்கு முன் அந்தக் கோட்டைத்தான் பிடிக்கும்.

அந்த ஓவியர் போலந்துக்காரர், கிரெகோர்ஸ் ரோசின்ஸ்கி. எழுதியவர் பெல்ஜியத்தின் ஜான் வான் ஹாம். 1977இல் 'டின்டின்' வார இதழில் தோர்கல் தொடங்கியது. முதல் தொகுதி புத்தகமாக வந்தது 1980இல். வான் ஹாம் அதற்கு முன் பிலிப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1976இல் அதை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத வந்தார். தமிழ் வாசகர்களுக்கு இவர் புதியவரில்லை. 'இரத்தப் படல'த்தில் நினைவிழந்து அலையும் பதின்மூன்றும், கோடீஸ்வரன் லார்கோ வின்ச்சும் இவர் பெற்ற பிள்ளைகளே. மூன்று கதைகளிலும் ஒரே ஆள்தான் வருகிறான் என்று நான் சொல்வதுண்டு: தான் எங்கிருந்து வந்தவன் என்று தெரியாமல் வளர்ந்த, அடுத்தவர்களின் கணக்குகளில் மாட்டிக்கொண்ட ஒருவன். தோர்கலும் குழந்தையாகக் கடலில் கண்டெடுக்கப்பட்டவன்தான். அவன் வானத்திலிருந்து வந்த கூட்டத்தின் வாரிசு என்பது பிறகு தெரிய வருகிறது. வைக்கிங் கதைக்குள் விண்கலம் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் எங்கள் கூட்டத்திலும் உண்டு. எனக்கும் அந்தப் பகுதி அவ்வளவாக ருசிக்கவில்லை. ஆனால் அவன் எந்த ஊரிலும் ஊர்க்காரனாக முடியாமல் போவதற்கு அது ஒரு காரணம் கொடுக்கிறது, அந்தளவில் பொறுத்துக்கொள்ளலாம்.

வாள்-மந்திரக் கதைகளின் பெரிய தகப்பன் ரொபர்ட் ஹோவர்டின் கோனன். 1932 டிசம்பரில் அமெரிக்க மலிவு இதழ் ஒன்றில் பிறந்தவன். 1970இல் மார்வெல் அவனைச் சித்திரக்கதையாக்கியது. பாரி ஸ்மித்தும் ஜோன் புசேமாவும் வரைந்த அந்தத் தசைகளை உலகமே பார்த்தது. கோனன் கள்ளனாகத் தொடங்கி அரசனாகிறவன். எந்த ஊருக்குப் போனாலும் அவன் பார்வை சிம்மாசனத்திலும் பொற்காசிலும்தான். அதில் ஒரு குஷி உண்டு, மறுக்கவில்லை. தோர்கல் அதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறான். அவனுக்கு வேண்டியது ஒரு தீவு, ஒரு குடில், மனைவி ஆரிசியா, மகன் ஜோலன், பிறகு மகள் லூவ். அவ்வளவே. கடவுள்களும் அரசர்களும் சூனியக்காரிகளும் வந்து வந்து அவனை அந்தக் குடிலிலிருந்து இழுத்துப் போகிறார்கள். வாள்வீரக் கதைக்குள் இருந்துகொண்டே அவன் பெரும்பாலும் எடுப்பது வில்லைத்தான் என்பதும் கவனிக்கத்தக்கது. வில் வேட்டைக்கும் உதவும், குடும்பத்துக்குச் சோறு போடும். வாளால் அது முடியாது.

இப்போது அந்தக் குடிலுக்கு வருவோம். ரோசின்ஸ்கி வார்சோ நுண்கலைக் கல்லூரியில் படித்தவர். தொடக்ககாலத் தொகுதிகளில் அவருடைய பேனாவும் தூரிகையும் செய்கிற வேலையை மெதுவாகப் பார்க்க வேண்டும். கூரை நிலத்தை நோக்கித் தாழ்ந்து இறங்கும். பனி அதில் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக ஒதுங்கியிருக்கும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நாம் கேட்க வேண்டியதில்லை. மர உரல், தோல் காயப்போடும் கொடி, புகை போகிற ஓட்டை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். தோணிகளோ இன்னும் வடிவு. வைக்கிங் ஓடங்களில் பலகைமேல் பலகை ஏற்றி ஆணியடித்திருப்பார்கள். அந்த அடுக்கு அணியத்தை நோக்கி வளைந்து ஒடுங்குகிற விதத்தை எங்கள் ஊர் ஓடாவி ஒருவரிடம் காட்டினேன். கதை என்னவென்று கேட்காமலேயே புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைக் கீறினவன் தோணி கட்டுற இடத்தில நிண்டு பார்த்தவன் கா" என்றார். அதற்குமேல் ஒரு விமர்சனம் எனக்குத் தேவைப்படவில்லை.

மந்திரத்தைப் பற்றி மட்டக்களப்பாருக்குப் பாடம் எடுக்க முடியாது. இங்கே வந்தால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் பகிடியாகவும், பாதி பயமாகவும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் கரையோரத்து வேடர்கள் கப்பல் பேய்களை அழைத்துச் செய்கிற சடங்கைப் பற்றி, 1911இல் வந்த செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கடல் கடந்து வந்த அந்நியர் பேயாகிக் கரையேறுவார் என்ற நினைப்பு இங்கே பழையது. ஆகவே கையில் நெருப்புப் பந்து, கண்ணில் மின்னல் என்று வரைகிற மந்திரவாதிகளைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குச் சிரிப்புத்தான் வரும். பயம் வருவது வேறு வழியால்.

எட்டாவது தொகுதி 'அலினோவே' அந்த வழியில் வருகிறது. 1985இல் வெளியானது. தோர்கல் தீவை விட்டு வெளியே போயிருக்கிறான்; ஆரிசியாவும் சின்ன ஜோலனும் தனியே. ஜோலனுக்கு விளையாட ஒரு தோழன் கிடைக்கிறான், பச்சை முடியுள்ள, வாய் பேசாத ஒரு பையன். தீவில் வேறு ஒருவரும் இல்லையே, இவன் எங்கிருந்து வந்தான்? தனிமையில் கிடந்த பிள்ளையின் மனமே அவனை உண்டாக்கியது. உண்டாக்கியதை அடக்கப் பிள்ளையால் முடியவில்லை. இந்தக் கதையில் ரோசின்ஸ்கி பூதம் என்று எதையும் வரைவதில்லை. பட்டப் பகல், கல், புல், கடல், கொஞ்சம் தூரத்தில் நிற்கும் ஒரு பையன். அவ்வளவுதான். அவன் நிற்கிற இடம் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குக் கிட்ட வந்துகொண்டிருக்கும். அநேகமாக நாயகன் இல்லாமலேயே ஒரு தொகுதியை நடத்திய வான் ஹாமின் துணிச்சலையும் சொல்ல வேண்டும். வீட்டில் ஆண் இல்லாத பகல் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்கள் இந்தக் கதையை வேறு மாதிரிப் படிக்கிறார்கள். எங்கள் கூட்டத்துப் பெண் ஒருவர், முன்பள்ளி ஆசிரியை, இதை இருட்டில் படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. மதியத்தில் படிக்க மாட்டேன் என்றார்.

இந்த ருசி எங்களுக்குத் தோர்கலோடு வந்ததல்ல. அம்புலிமாமா அதற்கு முன்பே நாக்கைப் பழக்கிவிட்டது. சுடலையில் ஒரு கையில் வாள், தோளில் பிணம் என்று நடக்கிற விக்கிரமாதித்தனை வரைந்த சங்கரை எல்லோரும் சொல்வார்கள். எனக்கோ அதே இதழில் தொடர்கதைகளுக்கு வரைந்த 'சித்ரா' என்கிற டி. வி. ராகவன்மீது கூடுதல் பிரியம். தாசரி சுப்ரமணியம் தெலுங்கில் 1954இலிருந்து எழுதிய மாந்திரீகத் தொடர்கள் தமிழிலும் வந்தன. சித்ரா 1978இல் இறக்கும்வரை அவற்றுக்கு அவர்தான் கோடு. மந்திரவாதியின் தாடியை வரைவதில் எடுத்த அதே அக்கறையை மாட்டுவண்டியின் சக்கரத்திலும் காட்டியவர். கரடியோ அரக்கனோ வருவதற்கு முன் காட்டைக் காடாக வரைந்து முடித்துவிடுவார். ரோசின்ஸ்கியை முதன்முதல் பார்த்தபோது எனக்குப் பழகிய வீட்டுக்கு வந்தது போலிருந்ததற்கு அவரே காரணம்.

பதிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கிய காலத்தில் எல்லாம் கைக்கடக்கமான செய்தித்தாள் தாள். மை ஊறி இரும்புக்கை மாயாவியின் கையும் எதிரியின் முகமும் ஒன்றாகக் கறுத்துக் கிடக்கும். அதையும் கொண்டாடிப் படித்தோம். ஆனால் தோர்கல் அந்தத் தாளில் வந்திருந்தால் நனைந்த பாறையின் கோடு யாருக்கும் தெரிந்திருக்காது. 2012இல் லயன்-முத்து மறுபடி எழும்பி, பெரிய அளவில் வழவழப்பான தாளில் வண்ணத்தில் அச்சிடத் தொடங்கிய பிறகு வந்ததுதான் நல்ல வேளை. ஆகஸ்ட் மாதம் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் ஆசிரியர் விஜயனைச் சுற்றிக் கூடி, அடுத்த ஆண்டுச் சந்தாவில் யார் வர வேண்டும் என்று வாதாடுகிற வாசகர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது பொறாமையாக இருக்கும். அங்கே டெக்ஸ் வில்லர் கட்சிதான் பெரும்பான்மை என்பார்கள். மாங்கேணியில் தோர்கல் கட்சி வெல்லும். நாலைந்து பேரில் பெரும்பான்மை பெறுவது சுலபம்.

எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு: ஆரிசியா செய்தது சரியா? பிரெஞ்சு வரிசையில் பத்தொன்பதாவது தொகுதியில், தேவர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்து அலுத்த தோர்கல், அவர்கள் தன்னை மறந்துவிட வேண்டும் என்று தன் பெயரையே அழிக்கத் துணிகிறான். விலை அவனுடைய நினைவு. நினைவில்லாதவனை வால்னோரின் கிரிஸ் என்கிற தந்திரக்காரி பிடித்துக்கொண்டு, நீதான் இரக்கமற்ற ஷைகன் என்று நம்பவைத்துக் கடற்கொள்ளைத் தலைவனாக்குகிறாள். அதேவேளை ஆரிசியாவின் கன்னத்தில் சூடு வைத்து ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள், அவள் அடிமையாகிறாள். 1997இல் வந்த 'கூண்டு' தொகுதியில் நினைவு திரும்பிய தோர்கல் தீவுக்கு வருகிறான். அவள் அவனை அணைக்கவில்லை, மரக்கூண்டில் அடைத்து வைக்கிறாள்.

இளைப்பாறிய ஆசிரியர், எங்களுக்கெல்லாம் சேர், ஆரிசியா பக்கம். "பிள்ளையளோட அவள் பட்ட பாட்டுக்குக் கூடு காணாது" என்பார். வள்ளங்களுக்கு இயந்திரம் திருத்துகிற தம்பி விடமாட்டான். "நினைவில்லாதவன் செஞ்சதுக்கு எப்பிடிச் சேர் கணக்குப் பார்க்கிற?" முன்பள்ளி ஆசிரியை ஒரே வரியில் முடித்துவிடுவார்: "பேரை அழிக்கப் போனது அவர்தானே தம்பி. மறுகா என்ன?" தம்பிக்கு இன்றுவரை பதில் வரவில்லை. வழக்கைத் தீர்க்க ரோசின்ஸ்கியும் உதவுவதில்லை. கூண்டின் கம்புகளை அவர் வரைந்திருக்கிற விதத்தில், ஆரிசியாவைப் பார்க்கும் கட்டங்களில் அவளும்தான் உள்ளே இருப்பதுபோலத் தெரிகிறது. யார் எந்தப் பக்கம் என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வாகரைப் பக்கத்தில் ஆழிப்பேரலை வந்தது 2004இல். 2006இன் கடைசியிலிருந்து 2007 ஜனவரிவரை சண்டையில் ஊர்கள் காலியாகின. அதற்கு முன்னும் எத்தனையோ தடவை. தீவிலிருந்து துரத்தப்பட்டுத் திரும்பி வந்து கூரை போடுகிற தோர்கலின் குடும்பத்தை இங்கே யாரும் கற்பனைக் கதையாகப் படிப்பதில்லை. சேருக்குப் பிடித்த பக்கங்கள் போர்ப் பக்கங்கள் அல்ல. திரும்பி வந்தவர்கள் முதலில் எதைத் திருத்துகிறார்கள் என்று காட்டுகிற கட்டங்கள். ரோசின்ஸ்கிக்கும் இது புத்தக அறிவு இல்லை என்றே நினைக்கிறேன். 1981 டிசம்பரில் போலந்தில் இராணுவச் சட்டம் வந்த பிறகு, அவர் நாட்டை விட்டுப் பெல்ஜியம் போனார், பிறகு சுவிட்சர்லாந்து.

குறையில்லாத தொடர் என்று சொல்ல மாட்டேன். நான்கு தொகுதிகளுக்கு நீளும் 'க்கா' நாட்டுப் பயணம், பறக்கும் கப்பலும் பிரமிட்டும் வந்து, எனக்குக் கொஞ்சம் அலுப்பு. அங்கே வீடு இல்லை, மாளிகைகள்தான். இருபத்தொன்பதாவது தொகுதியோடு, 2006இல், வான் ஹாம் எழுத்தை விட்டார். மகன் ஜோலனிடம் கதை கைமாறியது. அதற்குப் பிறகு வேறு எழுத்தாளர்கள் வந்தார்கள், கிளைக்கதைகள் முளைத்தன, ரோசின்ஸ்கியும் 2018இல் முப்பத்தாறாவது தொகுதியோடு விலகினார். சேர் இருபத்தொன்பதுக்கு மேல் தொட மறுக்கிறார். அதே இருபத்தொன்பதிலிருந்துதான் ரோசின்ஸ்கி கோட்டை விட்டுவிட்டு நேரடியாக வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். தம்பிக்கு அந்தத் தீட்டல் உயிர். பக்கத்தைப் பிரித்துச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறான். எனக்கு அதில் மூடுபனி கூடிவிட்டது. முகங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் கூரையில் பனி எந்தப் பக்கம் ஒதுங்கியது என்று தேடினால் கிடைப்பதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் தொகுதியைக் கொடுப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். ஒன்பதாவதான 'வில்லாளிகள்' தான் கொடுப்பது: அர்கன் என்கிற மரக்கால் ஆயுதக்காரன், ஒரு போட்டி, கிரிஸின் முதல் வருகை, எல்லாம் ஒரே மூச்சில். அதைப் படித்துவிட்டு வருபவர் கிரிஸின் கட்சியில் சேர்ந்துகொண்டுதான் வருவார். கூண்டுத் தொகுதி வரும்வரை நாங்களும் அவரைத் திருத்தப் போவதில்லை.