காலும் அரைக்காலும்

அந்தப் புலிவரிப் பெட்டை நாய் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் வேலியோரம் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். மூன்று குளிர்காலமாக இதைப் பார்த்துவருகிறேன். முயலுக்கும் அவளுக்கும் நடுவே ஒன்றரை நாய் நீளம்தான் இருக்கும். இதோ எட்டிவிட்டாள் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நொடியில் தலையைத் தாழ்த்தி, முன்னங்கால்களை ஊன்றி, ஓட்டத்தில் அரைப் பாய்ச்சலைக் கழித்துவிடுவாள். உடனே யாராவது ஒருவர், "புல் டெரியர் ரத்தம் பின்னால் இழுக்குது பார்" என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டமே அந்த அரைப் பாய்ச்சலில்தான் இருக்கிறது. புல் ரத்தம் அவளை இழுக்கவில்லை; அது கொடுத்த கொடையே அதுதான்.

இடம் இங்கிலாந்தின் நார்ஃபோக். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிற பார்லி வயல், நிலவில்லாத இரவு, முயலைக் காட்ட ஒரு கைவிளக்கு, நல்ல காற்று. நிலத்துக்காரரின் அனுமதி கையில் இருக்கிறது. 2005 பிப்ரவரி 18 முதல் இங்கே நாயை வைத்து நரியையும் பெரிய காட்டுமுயலையும் விரட்டுவது குற்றம். வளை தோண்டி வாழ்கிற குழிமுயலுக்கும் எலிக்கும்தான் சட்டம் இடம் விட்டிருக்கிறது, அதுவும் நிலத்துக்குரியவர் சம்மதித்தால். ஆகவே நான் பேசுவது குழிமுயலைப் பற்றி மட்டும். மற்றதைச் செய்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

லர்ச்சரைப் பற்றி இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கிரேஹவுண்டு மாதிரி கண்ணால் துரத்துகிற ஓட்ட நாய், மறுபக்கம் வேலைக்கார நாய் ஏதாவது ஒன்று. அந்த வேலைக்காரன் புல் டெரியராகவோ ஸ்டாஃபோர்டாகவோ இருந்தால் புல் கிராஸ். நம் புலிவரிக்காரி முக்கால் கிரேஹவுண்டு, கால் புல். எடை முப்பது கிலோவை ஒட்டி. மார்பு அகலம், கழுத்து தடிப்பு. விளக்கின் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால் ஓட்டக்காரி, எதிரே வந்தால் பயில்வான். பார்ப்பவர்கள் குழம்புவது எதிரே வரும் தோற்றத்தால்தான்.

புல் கிராஸ் என்றதும் இரண்டு பேச்சு வரும். அது மெதுவான நாய் என்பது ஒன்று. தாடைக்காகத்தான் அதை வளர்க்கிறார்கள் என்பது இன்னொன்று. தாடை விஷயத்தை உடனே முடித்துவிடலாம். புலிவரிக்காரி முயலை உயிரோடு கொண்டுவந்து எசமானரின் கையில் கொடுக்கிறாள், விலா எலும்பு ஒன்றுகூட உடையாமல். வாய் முரடான நாய்களும் இருக்கின்றன, ஆனால் அது எல்லா ரத்தத்திலும் இருக்கிறது.

வேகம்தான் விஷயம். கிரேஹவுண்டின் உச்சம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். குழிமுயலுக்கு அந்த வேகம் கிடையாது. நேர்கோட்டுப் பந்தயமாக இருந்தால் முயல் எப்போதோ தோற்றிருக்கும். அது பிழைப்பது திரும்புவதால். ஒன்றரைக் கிலோ உடம்பைத் தன் நீளத்துக்குள்ளேயே மடக்கித் திருப்புகிறது. முப்பது கிலோ நாய் முழு ஓட்டத்தில் அதே இடத்தில் மடங்க முடியுமா? வேகம் இரண்டு மடங்கானால் அதே வளைவை எடுக்க நான்கு மடங்கு பிடிப்பு வேண்டும். ஈரத் தாளில் அந்தப் பிடிப்புக்கு எங்கே போவது? நாய் நாலைந்து கஜம் தள்ளிப்போய் வட்டமடித்துத் திரும்புகிறது. நூறு கஜம் ஓடிச் சம்பாதித்த இடைவெளி அத்தனையும் அந்த ஒரு வட்டத்தில் போய்விடும். முயல் வேலிக்குள்.

இங்கேதான் பந்தயத் தடகளம் பார்த்துப் பழகிய கண் நம்மை ஏமாற்றுகிறது. லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரியைச் சேர்ந்த இருவர் 2005-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கிரேஹவுண்டு வளைவில் ஓடும்போது கால் மேல் ஏறும் பாரம் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடியும் அது வேகத்தைக் குறைப்பதில்லை. மனித ஓட்டக்காரன் குறைக்கிறான், நாய் குறைப்பதில்லை. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் அது விசாலமான தடகள வளைவு, நாய்க்கு முன்கூட்டியே தெரிந்த வளைவு. முயல் போடுவது வளைவே அல்ல, முடிச்சு. தடகளத்தில் குறைக்காத நாய்தான் நல்ல நாய் என்ற பாடத்தை வயலுக்குக் கொண்டுவந்தவர்கள்தான் உச்சுக்கொட்டுகிறார்கள்.

அதே கல்லூரிக்காரர்கள் போட்ஸ்வானாவில் காட்டுச் சிவிங்கிப்புலிகளுக்குக் கழுத்துப் பட்டை மாட்டி 2013-ல் வெளியிட்டதையும் பாருங்கள். உச்ச வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர் பதிவானது. செய்தித்தாள்கள் அதைத் தலைப்பாகப் போட்டன. ஆனால் பெரும்பாலான வேட்டைகள் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. சிவிங்கிப்புலி திரும்புவதற்கு முன்னால் குறைக்கிறது. வேகம் கூட்டுவதையும் குறைப்பதையும் வைத்துத்தான் அது பிழைக்கிறது.

கபடி பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ரைடர் உள்ளே வந்ததும் பாய்ந்து கணுக்காலைக் கவ்வுகிற கார்னருக்குத்தான் விசில். எந்தக் காலில் எடை விழுகிறது என்று பார்த்து அரை நொடி பொறுக்கிற கார்னரைத் தூங்குகிறான் என்பார்கள். பருவம் முடிந்து கணக்கெடுத்தால் யார் பிடித்தது அதிகம் என்று தெரியும். அதற்குள் விசில் அடித்தவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

புலிவரிக்காரி எப்போது குறைக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். முயல் திரும்பிய பிறகு பிரேக் போடுவது எல்லா நாயும் செய்வது. இவள் அது திரும்புவதற்கு முன்பே போடுகிறாள். முதல் குளிர்காலத்தில் நான் இதைத் தற்செயல் என்றுதான் நினைத்தேன். இரண்டாவதில் கைப்பேசியில் படம் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஒரே ஓட்டத்தை இருபது முறை போட்டுப் பார்த்தேன். வேலியில் முயல் நுழைகிற சந்துகள் இருக்கின்றன அல்லவா, புல் படுத்துக் கிடக்குமே, அந்தச் சந்துக்கு நேரே முயல் வரும்போது இவள் குறைப்பதில்லை. சந்தைத் தாண்டிப் போனால்தான் குறைக்கிறாள். தாண்டிய முயல் திரும்பி வந்துதான் ஆக வேண்டும், வீட்டு வாசல் அங்கேதான் இருக்கிறது. அவள் பாதி முயலைப் பார்க்கிறாள், மீதி வேலியைப் பார்க்கிறாள். வாலருகே நாயின் மூச்சு இல்லாததால் முயலும் சற்றுத் தாமதித்துத் திரும்புகிறது, நேரே அவள் தோளுக்குள்.

சரி, இதில் புல் ரத்தத்துக்கு என்ன வேலை? புத்திசாலி நாய் எதுவும் செய்யாதா? செய்யும், உடம்பு ஒத்துழைத்தால். பிரேக் இருப்பது முன்னங்காலில். நிற்கிற நாயின் எடையில் அறுபது சதவீதம் முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. நிறுத்துகிற வேலையும் பெரும்பாலும் அவற்றுடையதே. யூட்டா பல்கலைக்கழகத்தார் 2003-ல் கிரேஹவுண்டையும் பிட்புல்லையும் பக்கத்தில் வைத்துத் தசையை ஒப்பிட்டார்கள். கிரேஹவுண்டுக்குப் பின்னங்கால்தான் பலம், முன்னங்கால் அதைவிடக் குறைவு. பிட்புல்லுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய சமம். (பிட்புல் இங்கே 1991 முதல் தடைசெய்யப்பட்ட இனம், நம்மவள் உடம்பில் ஓடுவது அதன் தாயாதி வழி ரத்தம்.) எஞ்சின் கிரேஹவுண்டுடையது, பிரேக் புல்லுடையது. இது என் ஊகம்தான். ஆனால் என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது.

ஓட்டம் முடிந்ததும் எசமானர் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, வெந்நீர் வாளியில் அவள் கால்களைக் கழுவுவார். நான் விளக்கு பிடிப்பேன். நாயின் மணிக்கட்டுக்குப் பின்னால், தரையிலிருந்து உயரத்தில், எதற்கும் ஒட்டாமல் ஒரு சின்ன மெத்தை இருக்கும். நடக்கும்போது அது தரையைத் தொடாது. முழு எடையும் முன்னங்காலில் இறங்கி மணிக்கட்டு மடங்கும்போதுதான் தொடும். அவருடைய இன்னொரு நாய் புல் கலக்காத லர்ச்சர். அதற்கு அந்த மெத்தை புது அழிப்பான் போல வழவழவென்று இருக்கிறது. புலிவரிக்காரிக்கு இரண்டு மெத்தையும் உரசித் தேய்ந்து, இடது பக்கத்தில் மண் ஏறி ஒரு வெட்டு. பிளேடு நுனியால் எடுப்பது போல அவர் அந்த மண்ணை நகத்தால் எடுப்பார். அவள் காலை இழுத்துக்கொள்ள மாட்டாள், முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வாள்.

கோவில்பட்டியில் சிப்பிப்பாறை வளர்க்கிற அண்ணாச்சி ஒருவருக்கு அந்த ஓட்டப் படத்தை அனுப்பினேன். அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நாய் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயலைத் துரத்துவது நின்றுபோய், இப்போது திருவிழா ஓட்டம் மட்டும். பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "எல்லாம் சரிதாம்யா. நாலாவது தடவ விட்டுப் பாரு. கனத்த ஒடம்பு சூடாயிரும். அப்பவும் இப்படிப் புத்தியா ஓடுதான்னு சொல்லு." நியாயமான அடி. ஐந்தாறு ஓட்டத்துக்குப் பிறகு அவள் குறைப்பது அரைப் பாய்ச்சல் அல்ல, ஒன்றாகிவிடுகிறது. நாக்கு கரண்டி போல அகன்று தொங்குகிறது. அந்த நேரத்தில் வழவழப்பு மெத்தைக்காரன்தான் தேவலை. இதை ஒப்புக்கொள்கிறேன், மனசில்லாமல்.

இனி ஆரூடம்.

வரும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இங்கே புல் கிராஸ் வைத்திருப்பவர்கள் வேகம் வேண்டும் என்று மறுபடி கிரேஹவுண்டோடு சேர்ப்பார்கள். கால் புல் அரைக்கால் புல்லாகும். ஓட்டம் கூடும், எல்லோரும் மகிழ்வார்கள். அதன் பிறகு முள்வேலியில் மார்பைக் கிழித்துக்கொள்கிற நாய்களின் கதை வரத் தொடங்கும். பழி புல் ரத்தத்தின் மேல் விழும்.

இதை இவ்வளவு துணிந்து சொல்லக் காரணம் இதே நார்ஃபோக்கில் இருக்கிறது. இங்கிருந்து வண்டியில் போகிற தூரத்தில் ஸ்வாஃபம் என்ற ஊர். 1776-ல் அங்கே முயல் ஓட்டச் சங்கம் தொடங்கிய ஆர்ஃபோர்டு பிரபு, தன் கிரேஹவுண்டுகளுக்கு நெஞ்சுரம் போதவில்லை என்று புல்டாக் ரத்தத்தைக் கலந்தார். டார்வின் 1859 புத்தகத்தில் இதைத் தொட்டுச் செல்கிறார், 1868-ல் விரிவாகவே சொல்கிறார். ஆறேழு தலைமுறையில் புல்டாக் உருவத்தின் சுவடுகூட இல்லை, ஆனால் துணிச்சலும் விடாப்பிடியும் அப்படியே நின்றன என்பது அவர் எடுத்துக்காட்டும் சேதி. நாய்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இது எச்சரிக்கையாகத்தான் கேட்கிறது. முதலில் போவது தோள், பிறகும் போகாதது பிடிவாதம். பிரேக் இல்லாமல் பிடிவாதம் மட்டும் உள்ள நாய் எங்கே போய் நிற்கும்? வேலியில்தான்.

அப்போது மதிப்பெண் போட்ட முறையும் இதற்கு உடந்தை. பழைய முயல் ஓட்டப் போட்டிகளில் குதிரை மேலிருந்து ஒரு நடுவர் பார்ப்பார். முந்தி எட்டுகிற நாய்க்கு வேகப் புள்ளி, முயலைத் திருப்பினால் ஒரு புள்ளி, லேசாக ஒதுக்கினால் அரை. முயல் திரும்பட்டும் என்று காத்திருந்ததற்குப் புள்ளியே கிடையாது. ஆல்ட்கரில் 1836 முதல் 2005 வரை நடந்த வாட்டர்லூ கோப்பையின் கண்ணும் இதுதான். போட்டி போய்விட்டது, கண் போகவில்லை.

விளக்கின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. உடல்வெப்பத்தைக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு முயல் எங்கே படுத்திருக்கிறது என்று முன்பே பார்த்துவிடுகிறார்கள். முயல்களும் குறைகின்றன, 1953-ல் வந்த மிக்சோமடோசிஸ் அழித்ததிலிருந்து ஒருவாறு மீண்டவற்றை ரத்தக்கசிவு நோய் வாரிக்கொண்டு போகிறது. ஓடுவதற்கு நாலு முயலே உள்ள வயலுக்கு முப்பது கிலோ நாய் எதற்கு? விப்பெட் கலந்த சின்ன நாய்கள் மேலே வரும். என் கட்சி தோற்கும், அதுவும் தவறான காரணத்துக்காக.

புலிவரிக்காரிக்கு வயது ஐந்து முடிந்துவிட்டது. இந்தக் குளிர்காலம் அவள் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும்; பிடிப்பது குறையாது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்த ஆண்டு இடது மணிக்கட்டு கேட்காது.

எசமானர் மார்ச்சில் அவளைத் தடகளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கிரேஹவுண்டோடு சேர்க்கப்போகிறார். வேண்டாம் என்றேன். சிரித்தார். குட்டி ஓடத் தொடங்க அடுத்த ஆண்டுக் குளிர்காலம் ஆகும். பந்தயம் கட்டியிருக்கிறோம். குட்டி அம்மாவைவிட வேகமாக ஓடும், முதல் பத்து ஓட்டத்துக்குள் வேலியில் போய் விழும், எழுந்து உதறிக்கொண்டு அடுத்த முயலையும் அதே மாதிரி துரத்தும் என்பது என் கட்சி. தோற்பவர் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு தர வேண்டும். அவர் விளைவிப்பது அதுதான். நான் தோற்றால் கடையில் வாங்க வேண்டும்.